ஆங்கிலப் பங்குப் புத்தகங்களில் முன்னோரைத் தேடுவது எப்படி?

எமது அயலிலிருந்து இலண்டனுக்குப் போய்க் குடியேறிய குடும்பமொன்றின் பேத்தி, பன்னிரண்டு வயதுப் பிள்ளை, சென்ற வருடம் தன் தாயின் மூலமாக எனக்கு ஒரு கேள்வி எழுப்பியிருந்தாள். பாடசாலையிலே வமிசாவளி மரம் ஒன்று கீறிவரச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையின் தகப்பன் ஆங்கிலேயர். லங்காஷயர் பகுதியைச் சேர்ந்த கத்தோலிக்கர். அவர் பக்கத்து மரம் இரண்டு மாதத்துக்குள்ளே எட்டுத் தலைமுறைக்கு ஓங்கி வளர்ந்துவிட்டது. தாய் பக்கத்து மரமோ பூட்டனோடு நின்றுவிட்டது. "அம்மாவின் ஆட்களுக்கு மாத்திரம் ஏன் முன்னோர் இல்லை?" என்பதே கேள்வி.

முன்னோர் இல்லாத மனிதர் எவருமில்லை என்று எழுதினேன். இடப்பெயர்வின்போது றங்குப்பெட்டியோடு உறுதிகளையும் பிறப்புப் பத்திரங்களையும் விட்டுவிட்டு ஓடிவந்த குடும்பம் அது. ஆனால் அந்தப் பதில் எனக்கே போதியதாகப் படவில்லை. ஆங்கிலேயர் எப்படி இத்தனை தூரம் பின்னோக்கிப் போகிறார்கள்? அவர்களுடைய பாட்டன்மாருக்கு எம்முடையவர்களிலும் ஞாபகசக்தி அதிகமா? இதைப்பற்றி வாசித்தும் கேட்டும் அறிந்தவற்றை எமது வாசகக் குடும்பங்களும் அறிந்திருப்பது நல்லது. இன்று எம்மவருள் எத்தனையோ பேருடைய மருமக்களும் பேரப்பிள்ளைகளும் அந்த நாட்டவர். அவர்களுடைய முன்னோர் இப்போது எங்கள் பிள்ளைகளின் முன்னோருமாகிறார்கள்.

குறோம்வெல்லின் கட்டளை

இக்கதை ஓர் அரசாங்கக் கட்டளையுடன் ஆரம்பமாகிறது. 1538ம் ஆண்டு செப்டெம்பர் மாதம், எட்டாம் ஹென்றி அரசனின் மந்திரியான தோமஸ் குறோம்வெல், நாட்டிலுள்ள ஒவ்வொரு பங்குக் குருவும் ஒரு புத்தகம் வைத்திருக்கவேண்டும் என்றும், தம் பங்கில் நடக்கும் ஒவ்வொரு ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் அடக்கத்தையும் அதில் எழுதவேண்டும் என்றும் கட்டளையிட்டார். ஞாயிறுதோறும் கோயில் மூப்பர் ஒருவரேனும் பார்த்திருக்க, சென்ற கிழமை நடந்தவற்றை எழுதவேண்டும். புத்தகத்தை இரண்டு பூட்டுள்ள பெட்டியில் வைக்கவேண்டும்; ஒரு திறப்பு குருவிடம், மற்றது மூப்பரிடம். எழுதத் தவறினால் மூன்று சில்லிங் நாலு பென்ஸ் தண்டம்.

இதே குறோம்வெல்தான் மடங்களைக் கலைத்தவர்; புனித தோமஸ் மூரின் மரணத்தீர்ப்பிலே பங்குகொண்டவர். கத்தோலிக்கராகிய எமக்கு அவரைப் புகழ மனம் வராது. என்றாலும் அந்த நாட்டின் ஏழை எளியவரின் பெயர்கள் இன்றைக்கும் வாசிக்கக் கிடப்பது அந்த மனிதரின் கட்டளையால்தான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டே வருடத்தில், 1540 ஜூலையில், அவருடைய தலையும் வெட்டப்பட்டது, புத்தகங்கள் நின்றுபோகவில்லை. எமது திருச்சபையின் திரிதெந்தீன் பொதுச்சங்கம் பங்குக் குருமார் விவாகப் பதிவேடு வைத்திருக்கவேண்டும் எனச் சட்டமாக்கியது 1563ல். ஆகையால் இங்கிலாந்து இருபத்தைந்து வருடம் முந்திவிட்டது.

சனங்கள் இதை விரும்பவில்லை. பெயரை எழுதுவது வரி அறவிடத்தான் என்று பயந்தார்கள். அவர்கள் பயந்தது முழுவதும் பிழை என்று சொல்வதற்கில்லை. 1783ல் அரசாங்கம் புத்தகத்தில் எழுதப்படும் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போடவே செய்தது! வறியவருக்கு மாத்திரம் விலக்கு. 1794ல் அந்த வரி நீங்கியது. அந்தப் பதினொரு வருடத்துப் பதிவுகளில் ஒருவரின் பெயருக்கு அருகே வறியவர் என்பதைக் குறிக்கும் எழுத்து இருந்தால், அவர் உண்மையிலேயே வறியவரா, அல்லது இரக்கமுள்ள குருவானவர் ஒருவரின் தயவால் மூன்று பென்ஸ் தப்பியவரா என்று இன்று யாரும் சொல்லமுடியாது.

முதற் புத்தகங்கள் கடுதாசியிலே எழுதப்பட்டவை. ஈரமான கோயில்களில் அவை உக்கிப்போயின. ஆகவே 1598ல் எலிசபெத் மகாராணியின் காலத்திலே, இனிமேல் தோல் ஏட்டில் எழுதவேண்டும், பழையவற்றையும் அதிற் பிரதிபண்ண வேண்டும், விசேடமாக மகாராணி முடிசூடிய காலந்தொட்டு எழுதவேண்டும் என்று விதித்தார்கள். "விசேடமாக" என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, பல குருமார் அதற்கு முந்திய இருபது வருடத்தைப் பிரதிபண்ணாமலே விட்டுவிட்டார்கள். ஆங்கிலப் பங்குப் புத்தகங்கள் பல 1538ல் அன்றி 1558ல் தொடங்குவதன் காரணம் இதுதான். அத்துடன் ஆண்டுதோறும் பதிவுகளின் பிரதி ஒன்றை ஆயரின் காரியாலயத்துக்கு அனுப்பவேண்டும் என்றும் கட்டளையாயிற்று. இந்த இரண்டாம் பிரதிக்குப் பின்னால் வருவோம்.

புத்தகத்தில் என்ன இருக்கும்?

மிகக் கொஞ்சம். ஆரம்ப காலத்து ஞானஸ்நானப் பதிவில் பிள்ளையின் பெயரும் தகப்பனின் பெயரும் திகதியும் இருக்கும். தாயின் பெயர் பல இடங்களில் இல்லை. பெற்றவளை மறந்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். பிறந்த திகதியும் இல்லை. மேரி அரசியின் குறுகிய ஆட்சியிலே, இங்கிலாந்து மீண்டும் உரோமையுடன் ஒன்றித்திருந்தபோது, ஞானத்தாய் ஞானத்தந்தையரின் பெயர்களையும் எழுதவேண்டுமெனக் கர்தினால் போல் விதித்தார்; சில பங்குகளில் அவை காணக் கிடைக்கின்றன. அடக்கப் பதிவில் பெயரும் நாளும், வயது இல்லை. 1813 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் அச்சிட்ட படிவங்கள் வந்தபின்னரே தகப்பனின் தொழிலும், குடியிருந்த இடமும், இறந்தவரின் வயதும் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கின. 1837 ஜூலை முதலாம் திகதியிலிருந்து அரசாங்கமே பிறப்பு, விவாக, மரணப் பதிவைப் பொறுப்பேற்றது. ஆகவே ஆங்கில முன்னோரைத் தேடுபவர் முதலில் அரசாங்கப் பதிவுகளின் வழியே 1837 வரை பின்னோக்கிப் போய், அதன்பிறகே கோயிற் புத்தகத்துக்குள் நுழைவார். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, புகழ்பெற்ற ஒரு பழைய பெயரிலிருந்து கீழ்நோக்கி வர முயல்பவர்கள் தாங்கள் விரும்பியவரையே பாட்டனாக்கிக்கொள்வார்கள். எங்கள் ஊரிலும் இப்படிச் செய்பவர்கள் இல்லாமலில்லை.

ஒரு வேடிக்கை: 1666ம், 1678ம் ஆண்டுச் சட்டங்களின்படி இறந்தவரைக் கம்பளித் துணியாலேயே சுற்றிப் புதைக்கவேண்டும். செத்தவருக்காக அல்ல, கம்பளி வியாபாரத்துக்காக. அப்படிச் செய்ததாகச் சத்தியக் கடுதாசி கொடுக்கவேண்டும். இல்லையேல் ஐந்து பவுண் தண்டம். அதனால் அக்காலத்து அடக்கப் பதிவுகளில் கம்பளியைப்பற்றிய குறிப்பு காணப்படும். செல்வர் சிலர் தண்டத்தைக் கட்டிவிட்டு நல்ல சணல் துணியிலே அடங்கினர். மரித்தவரின் வசதியை அறிய இதுவும் ஒரு வழி.

தகப்பன் பெயர் இல்லாத பிள்ளைகளின் பதிவுகளும் வரும். அக்காலக் குருமார் சிலர் அவ்விடத்தில் கடுஞ்சொற்களை எழுதிவைத்திருக்கிறார்கள். தெருவிலே கண்டெடுத்த பிள்ளைக்கு அந்தத் தெருவின் பெயரையே குடும்பப் பெயராகக் கொடுத்ததும் உண்டு. முன்னோரைத் தேடப் புறப்படுபவர் இவற்றையும் ஏற்றுக்கொள்ளும் மனத்துடனேயே புறப்படவேண்டும்.

பெயர்களைக் கண்டு மயங்கவும் கூடாது. அன்று எழுத்துக்கூட்டலுக்கு விதியில்லை. ஒரே குருவானவர் ஒரே பக்கத்தில் ஒரே குடும்பத்தை இரண்டு விதமாக எழுதுவார். இலத்தீனில் எழுதும்போது வில்லியம் என்பவர் குலியெல்முஸ் ஆவார். ஜேம்ஸ் யாக்கோபுஸ் ஆவார். இது எங்களுக்குப் புதினமல்ல. எங்கள் பழைய புத்தகங்களில் அருளப்பர் என்று இருப்பவர் மகனின் விவாகப் பதிவில் யோவான் ஆகி, பேரனின் பத்திரத்திலே ஜோன் ஆகிறார். சந்தியாகுவும் யாகப்பரும் ஜேம்சும் ஒரே அர்ச்சியசிஷ்டவரின் பெயர்தானே.

மார்ச் மாதத்திலே பிறந்த வருடம்

தேடுபவரை அதிகம் ஏமாற்றுவது திகதிதான். 1751ம் ஆண்டு வரை இங்கிலாந்தில் புதுவருடம் ஜனவரி முதலாம் நாளன்று ஆரம்பிக்கவில்லை. மார்ச் 25ந் திகதி, கன்னிமரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாளன்று ஆரம்பித்தது. ஆகவே அக்காலப் புத்தகத்தில் டிசெம்பர் 1584க்குப் பின் ஜனவரி 1584, பெப்ரவரி 1584 என்றே வரும். எங்கள் கணக்கில் அவை 1585. பின்னர் 1752ல் வருடத்தை ஜனவரியிலே தொடக்கியதோடு, பாப்பரசர் பதின்மூன்றாம் கிறகோரியாரின் பஞ்சாங்கத்தையும் ஏற்றுக்கொண்டு, செப்டெம்பர் 2ந் திகதிக்கு மறுநாளை 14ந் திகதியாக்கினார்கள். பாப்பரசரின் கணக்கு என்பதற்காகவே நூற்றெழுபது வருடம் அதை ஏற்காதிருந்தவர்கள்!

இது எவ்வளவு பெரிய பிழைக்கு வழிவகுக்கும் என்பதற்கு நாமெல்லாம் அறிந்த ஒருவரின் குடும்பத்தையே பார்ப்போம். பாடசாலையில் சேக்ஸ்பியரின் நாடகம் படித்தவர்கள் எம்மிற் பலர். அவருடைய ஊரான ஸ்ற்றாட்போட் பங்கின் புத்தகம் இன்றும் இருக்கிறது. மேலே சொன்ன கட்டளைப்படி 1600 அளவில் தோல் ஏட்டிலே பிரதிபண்ணப்பட்டது அது. 1564 ஏப்ரல் 26ல் அவர் ஞானஸ்நானம் பெற்றார் என்று இலத்தீனில் இருக்கிறது. அவர் பிறந்த நாள் ஏப்ரல் 23 என்று நாம் படித்தது ஊகமே. புத்தகத்திலே அது கிடையாது. மூன்று மாதத்துக்குள், ஜூலை 11ந் திகதி அடக்கம் ஒன்றின் பக்கத்தில், இங்கே கொள்ளைநோய் தொடங்கியது என்று மூன்றே இலத்தீன் சொற்களில் ஒரு குறிப்பு. அதன்பின் அடக்கங்கள் பெருகுகின்றன. அந்தக் குழந்தை தப்பியிராவிட்டால் இன்று யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கப்போவதில்லை.

அவருடைய மூத்த மகள் சுசானாவின் ஞானஸ்நானம் 1583 மே 26. இரட்டையரான ஹம்னெற், ஜூடித் ஆகியோரின் ஞானஸ்நானம் புத்தகத்தின்படி 1584 பெப்ரவரி 2. இதை அப்படியே எடுத்தால் மூத்தவள் பிறந்து எட்டு மாதத்தில் இரட்டையர் பிறந்ததாகிவிடும். அவர்கள் வேறொருத்தியின் பிள்ளைகளோ என்று கதை கட்டவும் தொடங்கிவிடுவோம். பழைய கணக்கைத் திருத்தி 1585 என்று வைத்தால் எல்லாம் நேராகிறது.

அவருடைய விவாகம் ஸ்ற்றாட்போட் புத்தகத்தில் இல்லை. மூன்று முறை ஓலை வாசிக்கும் வழக்கத்தை விட்டு, ஒருமுறை மாத்திரம் வாசித்து விவாகஞ் செய்ய ஆயரின் அனுமதி பெற்றார்கள். மூத்த பிள்ளை ஆறு மாதத்தில் பிறந்ததைப் பார்த்தால் அவசரத்தின் காரணம் விளங்கும். வூஸ்ரர் ஆயரின் பதிவேட்டில் 1582 நவம்பர் 27ந் திகதியில் மணமகளின் பெயர் ஆன் வேற்லி, ஊர் ரெம்பிள் கிறாவ்ற்றன் என்றிருக்கிறது. மறுநாள் எழுதிய நாற்பது பவுண் பிணைக் கடுதாசியில் ஆன் ஹதவே, ஊர் ஸ்ற்றாட்போட் என்றிருக்கிறது. இரண்டு பெண்களா? இதைவைத்துப் பெரிய காதற் கதைகள் எழுதியவர்கள் உண்டு. எழுதுவினைஞர் அன்று வேறொரு வழக்கிலே கண்ட பெயரைக் கைதவறி எழுதினார் என்பதே பெரும்பாலான அறிஞரின் முடிவு. எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. எங்கள் விதானையார் காரியாலயத்திலும் கச்சேரியிலும் எத்தனை பேருக்குப் புதுப் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது! எழுதப்பட்டது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ஒரு புத்தகத்தை இன்னொரு புத்தகத்தோடு வைத்துப் பார்க்கவேண்டும்.

கத்தோலிக்கரைத் தேடும்போது

இனி எமக்கு நெருக்கமான பகுதி. எலிசபெத் மகாராணியின் காலத்திலிருந்து கத்தோலிக்கர் அரச கோயிலுக்கு வராவிட்டால் தண்டம். 1559ல் ஞாயிறு ஒன்றுக்குப் பன்னிரண்டு பென்ஸ். 1581ல் மாதத்துக்கு இருபது பவுண். அது பெருந்தொகை, சாதாரண குடும்பத்தை அடியோடு அழித்துவிடக் கூடியது. 1606ல் வந்த சட்டம் இன்னும் கொடியது. கத்தோலிக்க முறைப்படி விவாகஞ் செய்தால் நூறு பவுண், பிள்ளையை அரச கோயிலிலே ஞானஸ்நானம் பெறுவிக்காவிட்டால் நூறு பவுண், கோயிற் சேமக்காலைக்கு வெளியே அடக்கினால் இருபது பவுண்.

மறைந்து திரிந்த குருமார் பதிவேடு வைத்திருக்க முடியுமா? அகப்பட்டால் அந்தப் புத்தகமே அத்தனை குடும்பங்களுக்கும் எதிரான சாட்சி. அதனாலே கத்தோலிக்கப் பதிவேடுகளுள் பெரும்பாலானவை பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே தொடங்குகின்றன. அதற்கு முந்தியவை மிக அருமை. வீட்டில் எழுதி வைக்கக்கூடாதென்று பயந்த காலம் எத்தகையது என்பதை எமது சனங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் அவர்களை எங்கே தேடுவது? அவர்களைத் துன்புறுத்தியவர்களின் புத்தகங்களிலேதான். தண்டம் அறவிடுவதற்காக 1592 முதல் எழுதிய மறுப்போர் சுருள்களில் பெயரும் தண்டத் தொகையும் இருக்கின்றன. சேக்ஸ்பியரின் தகப்பன் ஜோனின் பெயரும் 1592ல் கோயிலுக்கு வராதோர் பட்டியல் ஒன்றிலே இருக்கிறது; ஆனால் கடனுக்குப் பிடிப்பார்கள் என்ற பயத்தால் வராதவர்களுள் ஒருவராக. அது உண்மையான காரணமா, நல்ல சாட்டா என்று இன்னும் வாதாடுகிறார்கள். மகள் சுசானா 1606ல் பாஸ்குவுக்கு நற்கருணை வாங்காதோர் பட்டியலிலே இருக்கிறாள். 1757ல் அவர்களுடைய வீட்டுக் கூரையோட்டின் கீழே ஒரு கத்தோலிக்க ஞான மரணசாசனம் கண்டெடுக்கப்பட்டது. அது தகப்பனுடையது என்று நெடுங்காலம் நம்பினர். மூலப்பிரதி பின்னர் தொலைந்துபோயிற்று. அந்தச் செபத்தின் இத்தாலிய மூலம் தகப்பனின் மரணத்துக்குப் பிந்தியது, ஆகவே அது அவருடைய மகள் ஜோவனுடையதாகவே இருக்கவேண்டும் என்று 2024ல் ஓர் ஆங்கிலப் பேராசிரியர் வாதிட்டுள்ளார். நாங்கள் ஆசைப்படுகிறோம் என்பதற்காகச் சேக்ஸ்பியரைக் கத்தோலிக்கராக்க முடியாது. வீட்டிலே கத்தோலிக்க மணம் வீசியது என்பது மட்டும் மறுக்கத்தக்கதல்ல.

இன்னொன்றையும் மறவாதிருக்க வேண்டும். 1754 மார்ச் 25 முதல் 1837 வரை, குவேக்கரும் யூதரும் தவிர்ந்த எல்லோருடைய விவாகமும் அங்கிலிக்கன் கோயிலிலே நடந்தாற்றான் சட்டப்படி செல்லும். ஆகவே கத்தோலிக்கத் தம்பதிகள் பலர் தம் குருவானவர் முன்னிலையில் இரகசியமாக ஒருமுறையும், அரச கோயிலில் ஒருமுறையும் விவாகஞ் செய்தார்கள். அங்கிலிக்கன் புத்தகத்திலே பாட்டனின் விவாகம் இருக்கக் கண்டு, அவர் வேதத்தை விட்டுவிட்டார் என்று துக்கப்பட வேண்டாம். மணமக்கள் கையொப்பமிடும் வழக்கமும் அப்போதே வந்தது. எழுதத் தெரியாதவர் சிலுவையடையாளம் போட்டார். ஒரு முன்னோரின் கை பட்ட ஒரே இடம் சிலவேளை அந்தச் சிலுவைதான்.

மரணசாசனம் பேசும்

பங்குப் புத்தகம் எலும்பு என்றால் மரணசாசனம் சதை. 1858 ஜனவரி வரை இங்கிலாந்திலே மரணசாசனங்களை நிரூபித்தது கோயில் நீதிமன்றங்களே. சிறிய சொத்துக்குத் தலைமைத் தியாக்கோனின் மன்று, அதற்குமேல் ஆயரின் மன்று, ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் சொத்திருந்தால் அதிமேற்றிராணியாரின் மன்று. கன்ரபெரி அதிமேற்றிராணியாரின் மன்றில் 1384 முதல் நிரூபிக்கப்பட்டவை பத்து இலட்சத்துக்கு மேல், இப்போது இலண்டனுக்கு அருகே கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யோர்க் மன்றினுடையவை யோர்க் நகரிலேயே இருக்கின்றன.

பழைய சாசனம் கடவுளின் நாமத்தால் ஆரம்பித்து, முதலில் ஆன்மாவை ஒப்புக்கொடுக்கும். கத்தோலிக்க காலத்தில் சர்வேசுரனுக்கும் கன்னிமரியாளுக்கும் மோட்சவாசிகள் அனைவருக்கும் ஒப்புக்கொடுப்பார்கள். பிந்தியவற்றில் கிறிஸ்துநாதரின் பேறுபலன் ஒன்றையே நம்புவதாக எழுதுவார்கள். ஆனால் இது பெரும்பாலும் எழுதிக்கொடுத்தவரின் பாணி. நொத்தாரிசின் வசனத்தை வைத்து ஒருவரின் இருதயத்தை அளக்கலாகாது. மறந்துபோன தசமபாகத்துக்காகப் பெரிய பீடத்துக்குச் சில பென்ஸ், மெழுகுதிரிக்கு இவ்வளவு, ஆன்ம இளைப்பாற்றிப் பூசைக்கு இவ்வளவு என்று எழுதும் வழக்கமும் இருந்தது. ஆறாம் எட்வேட் காலத்தில் அது ஒழிக்கப்பட்டது.

சாசனத்தோடு அயலவர் இருவர் மூவர் வீடு வீடாக, அறை அறையாகப் பார்த்து எழுதிய பொருட்பட்டியலும் சிலவேளை கிடைக்கும். பணப்பையும் உடுபுடவையும் முதலில். பின்பு கட்டில், பித்தளைப் பானை, ஈயத் தட்டு, பசு, களஞ்சியத்திலுள்ள தானியம். எங்கள் பழைய சீதன உறுதிகளை வாசித்தவர்களுக்கு இந்த இன்பம் தெரியும்.

உறவுமுறைச் சொற்களில் மாத்திரம் மிகக் கவனம் வேண்டும். பெரியப்பாவையும் சித்தப்பாவையும் மாமாவையும் ஒரே சொல்லால் அழைப்பவர்கள் ஆங்கிலேயர். பழைய ஆங்கிலத்திலோ குழப்பம் இன்னும் அதிகம். இன்று மருமகள், பெறாமகள் என்று பொருள்படும் சொல்லை அன்று பேர்த்திக்கும் வழங்கினர். சேக்ஸ்பியர் தம் சாசனத்தில் அந்தச் சொல்லால் குறிப்பிடுவது சுசானாவின் மகளான தம் சொந்தப் பேர்த்தி எலிசபெத்தை. பங்குப் புத்தகத்தில் அவளுடைய ஞானஸ்நானம் இருந்திராவிட்டால் வமிசாவளியே பிழைத்திருக்கும். ஒரு மகனுக்கு ஒரு சில்லிங் மாத்திரம் எழுதப்பட்டிருந்தால் அவனைத் தள்ளிவிட்டார்கள் என்றும் எண்ணவேண்டாம். தன் பங்கை முன்னரே வாங்கியவனாக இருக்கலாம்.

சேக்ஸ்பியரின் சாசனத்தில் எல்லோரும் பேசுவது மனைவிக்கு விட்ட இரண்டாந்தரக் கட்டிலைப்பற்றி. அது அவமதிப்பா, தம்பதிகளின் சொந்தக் கட்டிலா என்று நெடுங்காலமாகச் சண்டை. என் மனதைத் தொட்டது வேறிடம். தங்கை ஜோவனுக்கு இருபது பவுணும், தம் உடுப்புகளும், வருடத்துக்குப் பன்னிரண்டு பென்ஸ் வாடகையில் அவள் இருக்கும் வீட்டிலே சீவிய காலம் முழுவதும் குடியிருக்கும் உரிமையும் எழுதுகிறார். அவளுடைய மூன்று ஆண்பிள்ளைகளுக்கும் ஐந்தைந்து பவுண். இருவரின் பெயர் இருக்கிறது. மூன்றாமவனின் பெயருக்கு வெற்றிடம் விட்டிருக்கிறது. மரணப்படுக்கையில் மருமகனின் பெயர் வரவில்லை. யாரும் பின்னர் நிரப்பவுமில்லை. அவன் பெயர் தோமஸ் என்று எமக்குச் சொல்வது பங்குப் புத்தகம். ஜோவனின் கணவன் அடக்கப்பட்டது 1616 ஏப்ரல் 17. எட்டு நாளில், 25ந் திகதி, தமையனின் அடக்கம்.

இளைய மகள் ஜூடித்தின் காரியம் இன்னும் வருத்தமானது. 1616 பெப்ரவரி 10ல் அவளுக்குத் தோமஸ் குவைனி என்பவருடன் விவாகம். மார்ச் 15ல் அதே புத்தகத்தின் அடக்கப் பகுதியில் ஒரு பெண்ணும் அவளுடைய சிசுவும். மார்ச் 26ல் குவைனி கோயில் நீதிமன்றத்திலே அந்தப் பெண்ணுடன் தனக்கிருந்த தொடர்பை ஒப்புக்கொள்கிறார். அதற்கு முதல் நாள், மார்ச் 25, சேக்ஸ்பியரின் சாசனம் கையொப்பமாகிறது. அதில் முதலில் எழுதப்பட்ட ஜனவரி வெட்டப்பட்டு மார்ச் ஆகியிருக்கிறது. "மருமகனுக்கு" என்று எழுதத் தொடங்கிய சொல்லும் வெட்டப்பட்டு "மகள் ஜூடித்துக்கு" என்றாகியிருக்கிறது. அவளுக்குரிய பணம் கணவன் கையிற் போகாதபடி நிபந்தனைகள் வேறு. ஒரு தகப்பனின் கடைசிக் கவலை மூன்று புத்தகங்களில் மூன்று துண்டாகக் கிடக்கிறது. ஒன்றை மட்டும் வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஜூடித்தின் பிள்ளைகள் மூவரும் அவளுக்கு முந்தியே மரித்தனர். பேர்த்தி எலிசபெத்தும் 1670ல் பிள்ளையின்றி இறந்தாள். நேர்வழி அத்துடன் அற்றுப்போயிற்று. இன்று அந்த இரத்தம் ஓடுவது ஜோவனின் வழியில்தான்.

அழிந்ததும் தப்பியதும்

எல்லாம் தப்பவில்லை. 1642 முதல் 1660 வரையான உள்நாட்டுப் போரும் குடியரசுக் காலமும் பல புத்தகங்களில் வெறும் பக்கங்களாகவே கிடக்கின்றன. 1922ல் டப்ளின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது அயர்லாந்தின் சாசனங்களும் பதிவேடுகளும் சாம்பலாயின. 1942ல் ஜெர்மன் குண்டுவீச்சில் எக்ஸிற்றர் நகரத்துக் காரியாலயத்தோடு டெவன் மாகாணத்துச் சாசனங்கள் எரிந்தன. 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் தெரியும்.

இங்கேதான் அந்த இரண்டாம் பிரதி உதவுகிறது. எலி தின்ற, மழையில் ஊறிய, களவுபோன பங்குப் புத்தகத்தின் இடத்தை ஆயருக்கு அனுப்பிய பிரதிகள் நிரப்பியிருக்கின்றன. இப்போது பழைய புத்தகங்களில் மிகப் பெரும்பாலானவை மாகாண ஆவணக் காப்பகங்களிலே பாதுகாப்பாக இருக்கின்றன. படம்பிடிக்கப்பட்டு, பெயர் அட்டவணையும் செய்யப்பட்டு, கணனியிலே தேடக்கூடியனவாயும் உள்ளன. 1904ல் ஆரம்பித்த கத்தோலிக்க ஆவணச் சங்கம் பழைய கத்தோலிக்கப் பதிவேடுகளை அச்சிட்டு வெளியிட்டு வருகிறது. இலண்டனிலோ லங்காஷயரிலோ உள்ள உங்கள் பிள்ளைகள் பொது நூலகத்திற் கேட்டாலே வழிகாட்டுவார்கள்.

அந்தப் பிள்ளையின் மரத்துக்கு வருகிறேன். எட்டாந் தலைமுறையில் தகப்பன் பக்கமும் முட்டிக்கொண்டு நின்றது. அங்கிலிக்கன் புத்தகத்தில் ஒரு விவாகம் இருக்கிறது. அதற்கு மேலே ஞானஸ்நானம் எதுவும் அகப்படவில்லை. 1767ல் பிரபுக்கள் சபை கேட்டதற்கிணங்க, நாட்டிலுள்ள கத்தோலிக்கர் எல்லோரையும் கணக்கெடுத்தார்கள். ஆணா பெண்ணா, வயதென்ன, தொழிலென்ன, அந்தப் பங்கில் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேட்டார்களே தவிரப் பெயரைக் கேட்கவில்லை. அநேக பங்குகளில் பெயரில்லாமலே அனுப்பிவிட்டார்கள். அவர்களுடைய ஊர்ப் பட்டியலில் ஒரு நெசவாளி, அவன் மனைவி, நாலு பிள்ளைகள். ஒரு பிள்ளையின் வயது சரியாகப் பொருந்துகிறது. குடும்பம் பிறந்தது முதல் அதே பங்கிலேயே இருக்கிறது.

அவர்கள்தானா என்று தாய் என்னிடம் கேட்டாள். இருக்கலாம், உறுதியாகச் சொல்லமுடியாது, கீழே பென்சிலால் எழுதச் சொல் என்றேன். பிள்ளை அப்படியே செய்து படத்தை அனுப்பியிருந்தாள். தகப்பன் பக்கத்து உச்சியிலே பென்சிலால் "நெசவாளி, பெயர் தெரியாது". தாய் பக்கத்தில் பூட்டனுக்கு மேலேயும் இப்போது ஒரு வட்டம் கீறி, அதே பென்சிலால், "கடற்றொழில், பெயர் அம்மம்மாவிடம் கேட்கவேண்டும்" என்று எழுதியிருந்தாள். அம்மம்மாவுக்கு எண்பத்தேழு வயது. பங்குக் கோயிலின் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்க்க வருகிற வெள்ளிக்கிழமை நான் போகிறேன்.